ரூட் கெனால் முடிந்து வலி நின்றுவிட்டது: அந்தப் பல்லுக்குக் கேப் போடத்தான் வேண்டுமா?

வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். கீழ்த்தாடையின் வலப்புற முதல் கடைவாய்ப்பல்லில் நெடுநாளாக இருந்த சொத்தை நரம்புவரை போய்விட்டதால், சென்ற வாரம் எனக்கு ரூட் கெனால் சிகிச்சை செய்து முடித்தார்கள். தொடக்கத்தில் ஐஸ் தண்ணீர் பட்டால் மட்டும் கூசிய பல், பிறகு சூடான காபி பட்டாலே துடிக்கத் தொடங்கி, கடைசியில் குளிர்ந்த நீரை வாயில் தேக்கி வைத்திருந்தால்தான் வலி சற்று அடங்கும் என்ற நிலைக்கு வந்தது. படுத்தால் வலி கூடியதால் சுவரில் சாய்ந்தபடியே இரவைக் கழிக்க வேண்டியிருந்தது. இப்போது அந்த வலி அறவே இல்லை.

பல்லின் மேல் தற்காலிகமாகச் சிமெண்ட் அடைத்திருக்கிறார்கள். சில வாரங்களுக்குள் நிரந்தர அடைப்பு வைத்துக் கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) போட்டுவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்கிறார். ஆனால் கேப்புக்கு ஆகும் செலவு ஏறத்தாழ சிகிச்சைக்கு ஆன அளவுக்கே வருகிறது. வலியே இல்லாத பல்லுக்கு இன்னும் எதற்குச் செலவு என்று மைத்துனர் கேட்கிறார். முதலிலேயே பிடுங்கியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும் என்கிறார் மாமா. இதோடு, சோற்றில் கிடந்த கல்லைக் கடித்ததில் மேல்தாடையின் முன்கடைவாய்ப்பல் ஒன்றின் உட்பக்கச் சுவர் உடைந்துவிட்டது. அதில் வலி ஏதும் இல்லை. அனுபவமுள்ளவர்களும் மருத்துவர்களும் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மேட்டுத்தெரு

தம்பி, என் தங்கைக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவளுக்கும் இதே பல்லில்தான் ரூட் கெனால் செய்தார்கள். மகளின் திருமணச் செலவுகள் நெருங்கியிருந்ததால், கேப் போடுவதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைத்தாள். கிருஷ்ண ஜெயந்திக்குச் செய்த சீடையைக் கடித்தபோது ஏதோ முறிந்த ஓசை கேட்டதாகச் சொன்னாள், ஆனால் பல் கீழே விழவில்லை. மருத்துவர் மெல்லிய கருவி ஒன்றைப் பல்லின் நடுவே வைத்து மெதுவாக அழுத்தியபோது, கன்னப் பக்கப் பாதியும் நாக்குப் பக்கப் பாதியும் தனித்தனியாக அசைவதை அவள் கண்ணாடியில் பார்த்தாள். பிளவு ஈறுக்குக் கீழே வேர்வரை இறங்கிவிட்டதால் ஒட்டவும் வழியில்லை, கேப் போடவும் வழியில்லை என்று சொல்லி, அந்தப் பல்லை எடுத்துவிட்டார்கள். சிகிச்சை நன்றாகவே நடந்திருந்தது. வேர்களின் நுனியில் சீழோ புண்ணோ எதுவும் இல்லை. மேற்பாதி காப்பில்லாமல் விடப்பட்டதால்தான் நல்ல வேர்களோடு பல் போயிற்று.

பல்மருத்துவர்_திருச்சி

வைகைக்கரை அவர்களின் கேள்வியை என் நாற்காலியில் அமர்ந்த எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பல்லின் வெளிப்புறத்தில் எனாமல், அதற்குள் டென்டின், நடுவில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் கொண்ட பற்கூழ் என்று அமைப்பு இருக்கிறது. சொத்தையின் வழியே கிருமிகள் கூழை எட்டியதும் அது வீங்க முயல்கிறது. நாற்புறமும் கடினமான சுவர் இருப்பதால் விரிய இடமின்றி உள்ளழுத்தம் ஏறுகிறது. குளிர்ச்சி பட்டு ஓரிரு நொடிகளில் அடங்கும் கூச்சம் பெரும்பாலும் கூழ் மீளக்கூடிய நிலையில் இருப்பதைக் காட்டும். சூட்டில் எழுந்து நெடுநேரம் நீடிப்பதும், தானாகவே வருவதும், படுத்தால் கூடுவதுமான வலி, கூழ் மீள முடியாத கட்டத்தைத் தாண்டிவிட்டது என்பதற்கான அடையாளம். நீங்கள் விவரித்திருப்பது இந்த இரண்டாவது நிலைதான். சிகிச்சை தேவையாகவே இருந்தது.

சிகிச்சையில், கெட்டுப்போன கூழை அகற்றி, வேர்க் கால்வாய்களை மெல்லிய ஃபைல்களால் சீவி, சோடியம் ஹைபோகுளோரைட் கரைசலால் திரும்பத் திரும்பக் கழுவி, இறுதியில் கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் பொருளை அடைத்து மூடுகிறோம். (மலேயாக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால் அது, 19-ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் பயன்பட்டதும் அதே பொருள்தான்.) கூழ் போய்விட்டாலும், வேரைச் சுற்றியிருக்கும் தசைநாரும் எலும்பும் உயிரோடு இருப்பதால் அந்தப் பல்லால் இன்னும் நன்றாகக் கடிக்க முடியும், கடிக்கும் அழுத்தத்தை உணரவும் முடியும்.

நரம்பை எடுத்த பல் காய்ந்து போய் நொறுங்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். பல் வலுவிழப்பதற்கு முதன்மையான காரணம் அதுவன்று. சொத்தை ஏற்கெனவே ஒரு பங்கைத் தின்றிருக்கும். உள்ளே செல்ல வழி திறப்பதற்கு நாங்கள் இன்னொரு பங்கை எடுக்கிறோம். முன்னும் பின்னும் பக்கச் சுவர்களை இணைத்துப் பிடித்திருந்த மேட்டு விளிம்புகள் போய்விட்டால், எஞ்சிய சுவர்கள் தனித்தனியே நிற்கின்றன. மெல்லும்போது உணவு நடுவில் புகுந்து அவற்றை விலக்கித் தள்ளுகிறது. மேட்டுத்தெரு அம்மா சொன்ன பிளவு இப்படித்தான் ஏற்படுகிறது. கேப் என்பது மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவது போன்ற வேலை: சுற்றிலும் இறுகப் பிடித்து, சுவர்கள் விலகாமல் காக்கிறது. அமெரிக்காவில் 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், ரூட் கெனாலுக்குப் பின் கேப் போடாத பற்கள், கேப் போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன.

இன்னொரு காரணம் கசிவு. தற்காலிகச் சிமெண்ட் சில வாரங்களுக்கென்றே உருவாக்கப்பட்ட பொருள். அது தேய்ந்து விளிம்பில் இடைவெளி விழுந்தால், எச்சிலும் அதோடு கிருமிகளும் மேலிருந்து மறுபடியும் கால்வாய்களுக்குள் இறங்கும். ரே, ட்ரோப் என்ற இரு ஆய்வாளர்கள் 1995-இல் வெளியிட்ட ஆய்வு, வேர் நுனி நலமாக இருப்பதற்கு வேரடைப்பின் தரத்தைப் போலவே மேலடைப்பின் தரமும், சொல்லப்போனால் அதைவிடக் கூடுதலாகவும், துணைசெய்வதைக் காட்டியது. ஆகவே கேப் தாமதமாகலாம், ஆனால் நிரந்தர அடைப்பு தாமதமாகக் கூடாது. கேப்புக்குப் பணம் சேர்க்க அவகாசம் வேண்டுமென்றால் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பல்லின் முகடுகளைச் சற்றுக் குறைத்து, அவற்றையும் மூடும்படி நிரந்தர அடைப்பை வைத்துக் கொடுத்தால் அதுவரை தாங்கும்.

எல்லாப் பல்லுக்கும் கேப் வேண்டும் என்பதும் சரியன்று. சிறிய துளையோடு சிகிச்சை முடிந்த முன்பற்களுக்குப் பெரும்பாலும் நல்ல அடைப்பே போதும். அரைக்கும் வேலை செய்யும் கடைவாய்ப்பற்களுக்குத்தான் அது இன்றியமையாதது.

கல்மண்டபம்

மருத்துவர் ஐயாவின் விளக்கம் தெளிவாக இருந்தது. ஆயினும் ஒரு கேள்வி என்னை விடாமல் உறுத்துகிறது. ரூட் கெனால் செய்த பல் உடலுக்குள் இருக்கும் பிணம் என்றும், அதிலிருந்து நஞ்சு ஊறிப் புற்றுநோயும் இதயநோயும் வரும் என்றும் ஒரு காணொலியில் பார்த்ததிலிருந்து, என் மனைவி தனக்கு எழுதித் தந்த சிகிச்சையை மறுத்து, பல்லைப் பிடுங்கிவிடச் சொல்கிறார். இதில் எவ்வளவு உண்மை இருக்கிறது?

நுண்ணுயிரியல்_மாணவி

ஐயா, அந்தக் காணொலியின் கருத்துக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. வில்லியம் ஹன்டர் என்ற லண்டன் மருத்துவர் 1910-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆற்றிய உரையில், அழுகிய பற்களை மூடிக் கட்டப்பட்ட தங்க வேலைப்பாடுகளைப் பல நோய்களுக்குக் காரணமாகச் சாடினார். அதன்பின் வெஸ்டன் பிரைஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், வேர் சிகிச்சை செய்து பிடுங்கிய பற்களை முயல்களின் தோலுக்கடியில் வைத்துச் சோதித்து, முயல்கள் நோயுற்றதைத் தம் கருத்துக்குச் சான்றாக்கினார். அந்தச் சோதனைகளில் ஒப்பீட்டுக்கான ஏற்பாடுகளும் கிருமி நீக்கமும் போதுமானவையாக இல்லை. பிற்காலத்தில் முறையாகச் செய்யப்பட்ட ஆய்வுகள் அவற்றை உறுதிப்படுத்தவும் இல்லை. இடைப்பட்ட காலத்தில் ஏராளமானோர் காப்பாற்றக்கூடிய பற்களை வீணாக இழந்தார்கள். ரூட் கெனாலால் புற்றுநோய் வரும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த சான்று 1965-இல் கக்கேஹாஷியும் அவருடைய குழுவினரும் செய்த சோதனை. சாதாரண எலிகளிலும், கிருமியே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளிலும் பல்லைத் துளைத்துக் கூழைத் திறந்து விட்டார்கள். சாதாரண எலிகளில் கூழ் அழுகிச் சீழ்பிடித்தது. கிருமியில்லா எலிகளிலோ, உணவுத் துணுக்குகள் உள்ளே புகுந்திருந்தபோதும், கூழ் உயிரோடிருந்து காயத்தின் குறுக்கே புதிய டென்டினைக் கட்டிக்கொண்டது. நோய்க்குக் காரணம் கிருமிகளே. அந்தக் கிருமிகளை வெளியேற்றி, அவை திரும்பாதபடி அடைப்பதுதான் ரூட் கெனால். சிகிச்சை செய்யாமல் சீழோடு விடப்பட்ட பல்லைப் பற்றித்தான் உங்கள் மனைவி உண்மையில் கவலைப்பட வேண்டும்.

மருந்தாளுநர்_கடலூர்

பல் வலிக்கு இரண்டு நாளுக்கு ஆன்டிபயாடிக்கும் வலி மாத்திரையும் கொடுங்கள் என்று கடைக்கு வருபவர்களை அன்றாடம் பார்க்கிறேன். கூழ் வீங்கியதால் வரும் வலிக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது என்பதை அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது. கூழ் இறந்துவிட்டாலோ அதற்குள் இரத்த ஓட்டமே இராது. இரத்தத்தில் செல்லும் மருந்து அங்கே எப்படிப் போய்ச் சேரும்? காய்ச்சலோ பரவும் வீக்கமோ இருக்கும்போதுதான் அந்த மருந்துக்கு இடமுண்டு. அப்போதும் அது சிகிச்சைக்குத் துணை மட்டுமே.

வலியைத் தணிக்க ஐபுபுரூஃபென், பாராசிட்டமால் இரண்டும் சேர்ந்து நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், கருவுற்ற பெண்களும் ஐபுபுரூஃபெனை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. டெங்குவாக இருக்கலாம் என்ற ஐயமுள்ள காய்ச்சலிலும் அது கூடாது. ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் அடக்கிவைத்து, அந்த இடம் வெந்து வெளுத்துப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். கிராம்புத் தைலத்தில் உள்ள யூஜெனால் சிறிது நேரத்துக்கு மரக்கச் செய்யும். அதையும் பஞ்சில் தொட்டுப் பல்லின் குழியில் மட்டும் வைக்க வேண்டும், ஈறில் தேய்த்தால் எரிக்கும்.

தாடைக்கு அடியில் வீக்கம் பரவினாலோ, நாக்கின் அடிப்பகுதி மேலெழும்பினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ வாய் திறக்கவோ சிரமம் ஏற்பட்டாலோ, பல் மருத்துவமனை திறக்கும்வரை காத்திருக்காமல் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே செல்ல வேண்டும். அது உயிருக்கே ஆபத்தாகக்கூடிய நிலை.

செம்மண்சாலை

எனக்குக் கீழ்க்கடைவாய்ப்பல்லில் ஊசி போட்டு உதடு முழுதும் மரத்த பிறகும், பல்லைத் திறந்தபோது உயிர் போகும் வலி இருந்தது. பயத்தினால் உங்களுக்கு அப்படித் தோன்றுகிறது என்று அங்கே சொன்னார்கள். அது உண்மைதானா என்று அறிய விரும்புகிறேன்.

பல்மருத்துவர்_திருச்சி

உங்கள் வலி உண்மையானது. கடுமையாக வீங்கிய கூழுள்ள கீழ்க்கடைவாய்ப்பற்களில் வழக்கமான ஊசி முழுப் பலன் தராமல் போவது அடிக்கடி நடப்பதுதான். உதடு மரப்பது பல் மரத்ததற்கு உறுதியன்று. பல்லுக்கு அருகில் ஆர்டிகெய்ன் என்ற மரப்பு மருந்தைக் கூடுதலாகச் செலுத்துவது, பல்லுக்கும் எலும்புக்கும் இடையேயுள்ள தசைநாரில் போடுவது, தேவைப்பட்டால் கூழுக்குள்ளேயே போடுவது என்று அடுத்தடுத்த வழிகள் இருக்கின்றன. தொடங்குமுன் பல்லின் மேல் குளிர்ச்சியை வைத்துச் சோதித்துப் பார்க்கும்படி கேளுங்கள். வலித்தால் கையை உயர்த்துவேன், அப்போது நிறுத்த வேண்டும் என்றும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நெய்தல்நிலம்

பிடுங்கிவிடுவதே எளிது என்று எண்ணுபவர்களுக்காக என் அப்பாவின் நிலையை எழுதுகிறேன். வெற்றிலையோடு புகையிலை சேர்த்துப் போட்ட பழக்கத்தால் அவருக்குக் கன்னத்தின் உட்புறம் புற்றுநோய் வந்து, அறுவைக்குப் பின் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். கதிர்வீச்சு எச்சில் சுரப்பிகளைப் பாதித்ததால் வாய் எப்போதும் உலர்ந்தே இருந்தது. பற்களின் கழுத்தைச் சுற்றி, ஈறோரமாக, பழுப்பு நிறச் சொத்தை வளையம்போல் படர்ந்து, ஒருநாள் இட்லி சாப்பிடும்போதே ஒரு பல்லின் மேற்பகுதி முறிந்து வந்துவிட்டது.

மிச்சமிருந்த வேரைப் பிடுங்கிவிடச் சொல்லி நாங்களே கேட்டோம். கதிர்வீச்சு பட்ட தாடையெலும்பில் இரத்த ஓட்டம் குறைந்திருக்கும் என்றும், அதில் பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகக்கூடும் என்றும் மருத்துவர் விளக்கினார். அந்த வேருக்கு ரூட் கெனால் செய்து, ஈறு மட்டத்தில் வழவழப்பாக்கி, மேலே அடைத்து அப்படியே விட்டுவிட்டார். அப்பாவின் வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கும் என்பதால் அந்த வேலைக்கே வெகுநேரம் பிடித்தது. இருந்தும் பொறுமையாகச் செய்து முடித்தார். இப்போது இரவுதோறும் ஃபுளோரைடு ஜெல்லைப் பல்வரிசையில் பொருந்தும் தட்டில் இட்டுப் பற்களுக்கு மாட்டிவிடுகிறோம்.

உங்கள் வீட்டில் யாருக்கேனும் தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு கொடுக்கவிருந்தால், தொடங்கும் முன்பே பற்களைப் பரிசோதித்து, எடுக்க வேண்டியவற்றை எடுத்து ஆறவிடும்படி கேட்டுக்கொள்ளுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கோ, எலும்பில் பரவிய புற்றுநோய்க்கோ பிஸ்ஃபாஸ்ஃபோனேட் வகை மருந்து எடுப்பவர்களும், பல் பிடுங்குவதற்கு முன் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பழைய_பேரேடு

சிகிச்சை செய்த பல் மறுபடி கெடுவதும் உண்டு. அதையும் இங்கே பதிவு செய்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ரூட் கெனால் செய்து கேப்பும் போட்ட என் மேல்தாடை முதல் கடைவாய்ப்பல்லுக்கு மேலே, ஈறில் கடுகளவில் ஒரு கொப்புளம் வருவதும், உடைந்து உப்புச் சுவையோடு நீர் கசிவதும், மறைவதுமாக இருந்தது. வலி சிறிதும் இல்லாததால் அது வாய்ப்புண் என்றே வீட்டில் எல்லோரும் கருதினார்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரியில் முதுநிலை மாணவி ஒருவர், மெல்லிய கட்டாபெர்ச்சா குச்சியை அந்தக் கொப்புளத்தின் துளைவழியே மெதுவாகச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். அந்தக் குச்சி வளைந்து சென்று ஒரு வேரின் நுனியைத் தொட்டு நிற்பது படத்தில் அப்படியே தெரிந்தது.

அந்தப் பல்லின் முன்கன்னப் பக்க வேரில் பெரும்பாலோருக்கு இரண்டாவது கால்வாய் ஒன்று உண்டாம். எனக்கு முதல் சிகிச்சையில் அது கண்டுபிடிக்கப்படாமல் விடுபட்டிருக்கிறது. கேப்பைக் கழற்றி, நுண்ணோக்கியின் உதவியோடு அந்தக் கால்வாயைத் தேடித் திறந்து, பழைய அடைப்புகளையும் எடுத்துச் சுத்தம் செய்து மறுபடி அடைத்தார்கள். கொப்புளம் பிறகு வரவில்லை.

செலவைப் பற்றி: சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் வெளியே ஆவதைவிடக் குறைந்த கட்டணமே. மாணவர்கள் ஒவ்வொரு படியிலும் பேராசிரியரிடம் காட்டி ஒப்புதல் பெற்ற பிறகே அடுத்த படிக்குச் செல்வதால் நேரம் அதிகமாகும். அந்த நேரத்தைச் செலவிட முடிந்தவர்களுக்கு அங்கே கிடைக்கும் கவனம் மிக உயர்ந்தது என்பது என் அனுபவம்.

வைகைக்கரை

இத்தனை பேர் அக்கறையோடு எழுதியதற்கு நன்றி. நிரந்தர அடைப்பையும் கேப்பையும் போட்டுக்கொள்வதென்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம். மருத்துவரிடம் இன்னும் மூன்று கேள்விகள்: எந்தப் பொருளாலான கேப் கடைவாய்க்கு ஏற்றது? உடைந்த அந்த முன்கடைவாய்ப்பல்லை என்ன செய்வது? ரூட் கெனால் செய்த பல்லின் வேர் நுனியில் எக்ஸ்ரேயில் தெரிந்த கருநிழல் எப்போது மறையும்?

பல்மருத்துவர்_திருச்சி

பொருளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். முழு உலோகக் கேப்புக்குப் பல்லை மிகக் குறைவாகவே சீவினால் போதும், நெடுநாள் உழைக்கும், விலையும் குறைவு; பின்பல்லில் நிறம் ஒரு பொருட்டில்லை என்றால் அது நல்ல தேர்வு. உலோகத்தின் மேல் பீங்கான் பூசியதில் பீங்கான் சில்லு பெயர வாய்ப்புண்டு. சிர்க்கோனியா என்ற பீங்கான் வகை வலுவானது, பல் நிறத்தில் இருக்கும், விலை கூடுதல். எதுவானாலும், ஈறுக்கு மேல் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சொந்தப் பல் சுற்றிலும் இருந்து, அதைக் கேப்பின் விளிம்பு பற்றிப் பிடிக்க வேண்டும். விளிம்பு ஈறோடு எப்படிப் பொருந்துகிறது என்பதுதான் பொருளைவிடப் பெரிய விஷயம். கேப் போட்ட நாளில் அந்தப் பல் மற்றவற்றுக்கு முன்பாகவே தட்டுப்பட்டால் கூசாமல் சொல்லிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

முன்கடைவாய்ப்பல்லில் உடைப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைப் பார்க்காமல் சொல்ல இயலாது. கூழ் உயிரோடிருந்து, உடைப்பு ஈறுக்கு மேலேயே நின்றிருந்தால் ரூட் கெனால் இல்லாமலே அடைப்போ கேப்போ போட்டுக் காப்பாற்றலாம். வலி இல்லை என்பதற்காக அதைத் தள்ளிப்போடாதீர்கள். கடித்துவிட்டு வாயைத் திறக்கும் நொடியில் சுரீரென்று வலித்தால் விரிசல் உள்ளே ஓடுகிறது என்று பொருள். அப்போது அன்றே காட்டுங்கள்.

கேப் போட்ட பல்லுக்கும் சொத்தை வரும், கேப்பின் விளிம்புக்குக் கீழே. ஏற்கெனவே நரம்பு எடுக்கப்பட்டதால் வலித்து எச்சரிக்காது. அதனால் மென்மையான தூரிகையும் ஃபுளோரைடு உள்ள பற்பசையும் கொண்டு காலையும் இரவும் விளிம்போரமாகத் துலக்க வேண்டும். பல்லிடுக்கை ஃபுளாஸ் நூலாலோ இடுக்குத் தூரிகையாலோ நாள்தோறும் சுத்தம் செய்ய வேண்டும். செங்கல் தூள், கரித்தூள், கொரகொரப்பான பற்பொடி ஆகியவை வேண்டாம்; அவை வேரின் கழுத்தை அரித்துவிடும். சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுக்குள் வைத்திருப்பது, வேர் நுனி ஆறுவதற்கும் ஈறு நலத்துக்கும் துணைசெய்யும்.

கருநிழல் என்பது கிருமிகளால் கரைந்த எலும்பு. கிருமிகள் நீங்கியபின் உடல் அங்கே மெதுவாகப் புதிய எலும்பை நிரப்பும். வலி போன வேகத்தில் நிழல் போகாது. ஓராண்டு கழித்து எக்ஸ்ரே எடுத்து, சிகிச்சை முடிந்தபோது எடுத்த படத்தோடு ஒப்பிட வேண்டும்; நிழல் சுருங்கியிருந்தாலும் முழுதாக மறையவில்லையென்றால் நான்கு ஆண்டுகள்வரை ஆண்டுதோறும் பார்ப்பது வழக்கம். அது பெரிதானாலோ, ஈறில் கொப்புளம் வந்தாலோ முன்னதாகவே வாருங்கள். சிகிச்சை முடிந்த அன்று எடுத்த எக்ஸ்ரே படத்தின் பிரதியை மருத்துவமனையில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஊருக்குப் போய் வேறு மருத்துவரைப் பார்க்க நேர்ந்தாலும் அவருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.